ஆறு வருட இடைவேளை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மனமகிழ் மன்றத் தலைவர் மாணிக்கவேல் அவர்களே! மேடையில் இடம் போதாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பீங்கான் ஆலைத் தோழர்களே! நாற்காலிகள் காலியாக இருந்தும் கதவோரமாகவே நிற்கும் காலனி மக்களே! முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் அம்மா நீலாவதி அவர்களே! மன்றச் செயலாளர் விருத்தகிரியின் வணக்கம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியைப் படித்தேன். ‘கலைச்சுடர் கோதண்டபாணி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருக்கிறது. கலைச்சுடரா! எப்போது கொடுத்தோம் இந்தப் பட்டத்தை? உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்கு ‘படம் சொல்றவன்’ என்றுதானே பெயர்? செத்த பிறகு பட்டம் கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. செத்தவர் திருப்பிப் பேச மாட்டார் பாருங்கள், அந்தத் தைரியம்!

சேத்தியாத்தோப்பிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோதண்டபாணி நம் ஆலையில் அச்சுப் பிரிவில் இருந்தவர். களிமண் குழம்பை அச்சில் ஊற்றிக் கோப்பை வார்ப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு இதே கூடத்தில் ஜன்னல்களுக்குக் கோணிச்சாக்கு கட்டி இருட்டாக்குவோம். சென்னையிலிருந்து ரயிலில் தகரப்பெட்டியில் இங்கிலீஷ் படம் வந்திருக்கும். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று அவர்தான் தமிழில் கதை சொல்வார். அதற்காக முதல் நாள் சனிக்கிழமையே படத்தை இரண்டு தடவை தனியாகப் போட்டுப் பார்ப்பார். பாதி இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. மீதியை நடிக்கிறவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

ராக்கெட்டும் வேற்றுக்கிரகமும் வருகிற படங்கள்தான் அவருக்கு உயிர். நாம் என்ன சொன்னோம்? பூச்சாண்டிப் படம் என்றோம். நானே ஒருநாள் அவரைக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அது பூச்சாண்டி இல்லீங்க. அவங்க ஊர்ல யாரயோ ஒதுக்கி வச்சிருக்காங்க. அத நேரா காட்ட பயந்துக்கிட்டு, ஒரு ஆளுக்குப் பச்ச பெயிண்டு அடிச்சி, வானத்துலேர்ந்து வந்தான்னு காட்றாங்க. நம்ம ஊருக்கு அந்த பெயிண்டு கூட தேவையில்ல” என்றார்.

அறுபத்தெட்டாம் வருடம் வந்தது அந்தப் படம். வேற்றுக்கிரகத்தில் தண்ணீர் வற்றிப்போய், பச்சைத் தோல்காரர்கள் நூறு பேர் பூமியில் ஒரு சின்ன ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கொல்லவில்லை. வேலை கொடுக்கிறார்கள்! ரொட்டி சுடுவதெல்லாம் பச்சைத் தோல்காரர்கள், தின்பதெல்லாம் ஊர்க்காரர்கள். ஆனால் அவர்கள் தொட்ட தட்டில் ஊர்க்காரன் சாப்பிட மாட்டான். தட்டைத் தொட்டால் தீட்டாம், ரொட்டியைத் தொட்டால் இல்லையாம்! என்ன அறிவு பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை படம் போட்டுப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். முடிந்ததும் வாசல் டீக்கடைக்குப் போனோம். அந்தக் கடையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியாததா? ஊர்க்காரர்களுக்கு நம் ஆலையின் வெள்ளைப் பீங்கான் கோப்பை. காலனி ஆட்களுக்கு வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும் அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்டிவிட வேண்டும். கோதண்டபாணி மட்டும் யோக்கியரா? பத்து வருடமாக அவரும் வெள்ளைக் கோப்பையில்தான் குடித்தார். அன்றைக்கு டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

நம் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை காய்வதற்கு முன்னால், விளிம்பு சீவி வழவழப்பாக்குகிற ஆள் அதன் அடியில் தன் அடையாளத்தை ஊசியால் போட வேண்டும். எத்தனை சூட்டில் வெந்தாலும் அது அழியாது. அந்தக் கோப்பையின் அடியில் மூன்று புள்ளி இருந்தது. மூன்று புள்ளி யாருடையது? இதோ கதவோரம் நிற்கிறார்களே, காலனி ஆராயி அக்கா, அவர்களுடையது! அவர்கள் கை படாத இடம் அந்தக் கோப்பையில் ஒரு நூல் அளவு கூட இல்லை. அதில் வாய் வைத்துக் குடிக்கிறோம். அவர்களை ஆணிக்கு அனுப்புகிறோம். பத்து வருடமாகத் தினமும் பார்த்த அடையாளம், படம் பார்த்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. இந்த லட்சணத்தில் நான் செயலாளர்!

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. கோதண்டபாணி அந்தப் பச்சைத் தோல்காரர்களில் கதாநாயகனாக வருபவனுக்கு நம் ஊர்ப் பெயராகக் ‘கொளஞ்சி’ என்று வைத்தார். ஊர்க்காரன் திரையில் வாயைத் திறந்தால் மைக்கில் நம் பேச்சு வந்தது: “ஏ கொளஞ்சி, எட்ட நில்லு! தட்டத் தொடாத!” இடைவேளைக்குச் சற்று முன்னால் கொளஞ்சியின் குழந்தை தாகத்தில் மயங்கி விழுகிறது. தண்ணீர் இருக்கிறது, கொடுக்கக் குவளை இல்லை என்கிறார்கள். அடடா, என்ன அழுகை அழுதோம்! மேல்துண்டால் மூக்கைச் சிந்தினோம். “பாவிங்களா, நீங்கல்லாம் மனுசங்களாடா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினாரே ஒருவர், அவர் இன்றைக்கும் மேடையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், வேர்க்கிறது அவருக்கு.

இடைவேளை விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக எங்கே போனோம்? டீக்கடைக்கு! நமக்கு வெள்ளைக் கோப்பை, ஆராயி அக்காவுக்கு ஆணி. ஒருவருக்காவது உறைத்ததா? டீயில் சர்க்கரை போதவில்லை என்றுதான் சண்டை போட்டோம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் வந்துட்டீங்களா? படம் எதுவும் தவறிப்போவல. நீங்க வெளில டீ குடிச்சீங்களே, அப்பவும் அதே படந்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சி” என்றார்.

அவ்வளவுதான். அதைத் தாங்க முடியவில்லை நம்மால்! நாற்காலி பறந்தது, மைக் கம்பி அறுந்தது. “படத்தப் பத்திப் பேசு, ஊரப் பத்திப் பேசாத!” என்றார் நம் தலைவர். அன்று மாலையே தீர்மானம் போட்டு அவரை மன்றத்திலிருந்து நீக்கினோம். அடியில் கையெழுத்துப் போட்டது யார்? இதே விருத்தகிரி! அதற்காக இன்று இத்தனை பேர் முன்னால் வெட்கப்படுகிறேன்.

படம் பாதியில் அடுத்த ரயிலேறிப் போய்விட்டது. ஆனால் நம் ஆசை போகவில்லை. ஆறு வருடமாக அச்சுப் பிரிவு வாசலில் அவரை மறித்து எத்தனை பேர் கேட்டிருப்போம்! “கடைசில அந்தக் கொளஞ்சி என்னாங்க ஆனான்?” அவர் ஒரே பதில்தான் சொன்னார்: “அத என்ன கேட்டா? நீங்கதான் சொல்லணும்.” நேராக டீக்கடைக்குப் போய், காலனி ஆட்களோடு வெளிச்சுவர் டம்ளரில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சாகும்வரை சொல்லவில்லை.

இந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதாகத் தலைவர் சற்றுமுன் அறிவித்தார். கை தட்டினீர்கள். நேற்று அம்மா நீலாவதியிடம் இதைச் சொல்லப் போனேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “பேரெல்லாம் வேணாங்க. அவரு பாதில வுட்ட படத்த முழுசா ஓட்டுங்க. ஓட்ற யோக்கித இருந்தா” என்றார். யோக்கியதை இருக்கிறதா நமக்கு?

படத்துக்கு எழுதிப்போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓடும். என் பதவி போனாலும் ஓடும். கதை சொல்ல அவர் இல்லை. பரவாயில்லை, நமக்குத் தெரியாத கதையா அது?

ஆனால் தோழர்களே, இடைவேளை முடியாமல் மறுபாதியை எப்படிப் போடுவது? கூட்டம் முடிந்ததும் தரப்போகிற டீ வாசலில் தயாராக இருக்கிறது. வரும்போது பார்த்தேன். தட்டில் வெள்ளைக் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன. ஆணியில் டம்ளர்களும் தொங்குகின்றன. கோதண்டபாணியின் இரங்கல் கூட்டத்தில்! தூ!

அந்த டம்ளர்களைக் கழற்றிவிட்டு ஆணியையும் பிடுங்கப்போகிறேன். இதுதான் என் அஞ்சலி. ஆராயி அக்கா, முதல் கோப்பையை நீங்கள் எடுக்க வேண்டும். நீங்கள் குடித்த பிறகு, அதே தட்டிலிருந்து எடுத்துக் குடிக்க மனம் இருப்பவர்கள் மட்டும் என்னோடு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள். மற்றவர்கள் இந்த மாலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கலாம். அழத்தான் நமக்கு நன்றாக வருமே!

கோதண்டபாணி ஐயா, ஆறு வருடம் ஆகிவிட்டது. இடைவேளை போதும். தோழர்களே, எழுந்திருங்கள், போவோம்.