கொஞ்சம் சொரசொரப்பான அட்டை

வீட்டு பிரிண்டரில் வாழ்த்து அட்டை அச்சடிக்க நினைப்பவர்கள் முதலில் வழவழப்பான அட்டையை வாங்கி ஏமாந்துபோவார்கள். கடையில் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்கு வந்தால் மை உள்ளே இறங்காது, தொட்டதும் விரலில் அப்பிக்கொள்ளும். ரொம்பக் கனமாக எடுத்தால் மெஷின் பாதியில் கடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் சொரசொரப்பாக, நடுத்தரக் கனத்தில், வெள்ளையிலும் சேராமல் மஞ்சளிலும் சேராமல் ஒன்று இருக்கிறது. அதுதான் நல்லது. எதையும் விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள், அதனால் அட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

இருபது வருஷமாக வீட்டில் உட்கார்ந்துதான் அட்டை அச்சடிக்கிறேன். பிறந்தநாள், கல்யாணம், புதுவீடு. கடைசிப் பதினோரு வருஷம் அதே அறையின் மறு பாதியில் அக்கா படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, பிறகு காதும் போயிற்று. குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருத்திக்கு ஒருத்தி என்று ஆகிவிட்டது. ஆனால் அலுத்துப்போயிற்று. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது.

அக்காவின் ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்காது என்பதால் மாதம் ஒரு அட்டை அனுப்புவாள். தன் வீட்டிலேயே, கொட்டை எழுத்தில் அச்சடித்து. எந்த அட்டை வாங்கலாம் சித்தி என்று என்னிடம் கேட்டாள், நான்தான் சொன்னேன். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் அம்மா, எனக்காக இரு என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். ஆறு வருஷமாக அதே பாட்டு. அக்கா பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பாள். படித்த பிறகு கட்டைவிரலால் அட்டையைத் தடவிக்கொண்டே கிடப்பாள். அப்புறம் ஒரு வாரத்துக்குச் சமர்த்தாகச் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்வாள். மகளைப் பார்க்காமல் இந்த உயிர் போகாது என்று வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அதை மறக்கவில்லை.

போன மாதம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஒரு முடிவுக்கு வந்தேன். காத்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை, அதிலிருந்து அவளை விடுவிக்க வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொன்னால் நம்பமாட்டாள். நான் சொல்லி அவள் எதைத்தான் காதில் போட்டுக்கொண்டாள்? அட்டையில் இருந்தால்தான் நம்புவாள்.

மறுநாள் காகிதக் கடைகளுக்குப் போனேன். என்னிடம் அப்போது அந்த அட்டை தீர்ந்துபோயிருந்தது. முதல் இரண்டு கடையில் நிறம் சரியாக இருந்தது, விரலுக்குச் சரியாக இல்லை. மூன்றாவது கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு காகிதம் வாங்குகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று கடைக்காரர் கிண்டலடித்தார். ஏழாவது தாள் சரியாக இருந்தது.

வரமுடியாது அம்மா, இனி எப்போதும் வரமாட்டேன், எனக்காகக் காத்திருக்காதே என்று அச்சடித்தேன். முதலில் மன்னித்துவிடு என்றும் சேர்த்திருந்தேன். அது இருந்தால் ஆசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எடுத்துவிட்டேன். அட்டையை அதன் நார் ஓடுகிற வாட்டத்திலேயே மடிக்க வேண்டும், குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அக்கா மகளுக்கு அது கடைசிவரை வரவில்லை, அவள் அட்டைகள் எல்லாமே மடிப்பில் வெடித்திருக்கும். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பாக மடித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது அவ அனுப்புனதுதானா?”

“தடவிப் பாரேன்” என்று காதருகே குனிந்து கத்தினேன்.

தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

“ஆமா, அவளோடதுதான்” என்றாள்.

மதியம் சாப்பாடு வேண்டாம் என்றாள். சரி என்றேன். மாத்திரை வேண்டாம் என்றாள், அதற்கும் சரி என்றேன். சனிக்கிழமையிலிருந்து தண்ணீருக்கும் வாயைத் திறக்கவில்லை என்றே சொல்லலாம். வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இந்த வாரம் வர வேண்டாம் என்று நர்ஸுக்குப் போன் செய்தேன். நான் பட்டினி போட்டதாக அவள் மகள் சொல்கிறாளாம். வேளாவேளைக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்தேன். வற்புறுத்தவில்லை, அவ்வளவுதான். பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டாள். இருபதாம் தேதி மகள் வந்து, தலையணைக்கடியில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்து, “இத நான் அனுப்பலையே சித்தி” என்றாள். நான் மறுக்கவில்லை.

விசாரணையில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான். சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத்தான் அவள் மகளின் அசல் அட்டை தபாலில் வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன், இருபதாம் தேதி வருகிறேன், உன்னை என்னோடு கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது அம்மா, சித்தி இனிமேலாவது ஓய்வெடுக்கட்டும் என்று எழுதியிருந்தாள். அதை அக்காவிடம் காட்டவில்லை. அலுப்புதான் காரணம் என்றால் பன்னிரண்டு நாளில் அது தானே தீர்ந்திருக்குமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அவ்வளவு தூரப் பயணம் அக்காவின் உடம்புக்குத் தாங்காது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு நாள் அவள் மகள் பேரை எடுக்கவே இல்லை. கண்ணைத் திறந்தபோதெல்லாம் என்னைத்தான் தேடினாள். பதினோரு வருஷத்தில் எனக்கு அலுப்பே தெரியாமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான்.