நாலாம் அறையின் பச்சைப் பட்டன்

பகல் பன்னிரண்டே முக்கால். ஊரைத் தாண்டி, லாரிகள் மட்டுமே போகும் சாலை. வெயிலைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. பேய் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? விளக்கு அப்படியே எரியட்டும். கிட்டே வந்து உட்காருங்கள்.

இது என் நண்பனின் அத்தானுக்கு, அதாவது அவன் அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்தச் சாலையின் கடைசியில் இருந்த குளிர்கிடங்கில் கம்ப்யூட்டர், பூட்டு, கேமரா எல்லாம் அவர் பொறுப்பு. மீனும் இறைச்சியும் அடுக்கிய அறைகள்... பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கதவெல்லாம் மின்பூட்டு. உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்குச் சுவரில் ஒரு பச்சைப் பட்டன்.

அந்தப் பூட்டின் சாஃப்ட்வேரில் ஓட்டை இருப்பதை அத்தான்தான் கண்டுபிடித்தார். எங்கோ உட்கார்ந்திருக்கும் எவனும் இணையம் வழியாகக் கதவைப் பூட்டலாம். அப்படிப் பூட்டினால் உள்ளே இருக்கும் பட்டன் செத்துவிடும். இணைப்பைத் துண்டிக்கலாம் என்றார், மேனேஜர் விடவில்லை. பூட்டைச் செய்த கம்பெனிக்கு எழுதினார். பதில் தேனாய் வந்தது. எங்களுக்குத் தெரியும், தொண்ணூறு நாளில் சரிசெய்து அனுப்புகிறோம், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள், கெட்டவர்கள் காதுக்குப் போய்விடும் என்று. கெட்டவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார். தொண்ணூறு நாள் நூற்றைம்பது ஆயிற்று. பிறகு 'அடுத்த பதிப்பில்' என்றார்கள். அதன்பின் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

அங்கே சரக்கு அடுக்கும் ஆள் ஒருவர். எந்நேரமும் மூன்று ஸ்வெட்டர் போட்டிருப்பார் என்பதால் கம்பளி என்றே பெயர். ஒருநாள் மாடியேறி வந்து கேட்டார்.

"சார், நாலாம் ரூம் பட்டன் நேத்து ரெண்டு தடவ வேலை செய்யல. ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல கம்பளி. நீங்க சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அதுதான் இது.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை. பன்னிரண்டே முக்காலுக்கு எவனோ, எங்கிருந்தோ, விளையாட்டுக்கு எல்லாக் கதவையும் பூட்டினான். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கம்பளி நாலாம் அறைக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலையில்தான் திறந்தார்கள். வலது கட்டைவிரல் பட்டனோடு ஒட்டி உறைந்திருந்தது... வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்களாம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று மேனேஜர் எழுதினார். அதற்குக் கீழே அத்தானும் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் அறையை நிறுத்திக் காலி செய்தார்கள். அடுத்த சனிக்கிழமை, அத்தான் மாடியில் தனியாக இருந்தார். திரையில் ஒரு வரி வந்தது. நாலாம் அறை, உள்பட்டன் அழுத்தப்பட்டது, 12.45. அப்புறம் 12.46... 12.47... மூன்று சனிக்கிழமையும் இப்படியே. அந்தப் பதிவைக் கம்பெனிக்கு அனுப்பினார். இந்த முறை ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தமும் பதிவாகியிருக்கிறது, ஆகவே பட்டன் நன்றாக வேலை செய்கிறது, புகாரை முடித்துக்கொள்கிறோம் என்று.

நாலாவது சனிக்கிழமை அவரே கீழே இறங்கிப் போனார். குளிரூட்டும் குழாய்களின் அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம்... டிக். டிக். திறந்து உள்ளே போனார். கும்மிருட்டு. குளிரை நிறுத்தி ஒரு மாதமான அறையில் மூச்சு புகையாய் வந்தது.

"எனக்குத் தெரியும் கம்பளி," என்றார். "நீங்க கேட்ட அன்னைக்கே தெரியும்."

சத்தம் நின்றது. பின்னால் கதவு... க்ளக்.

கத்தினார், கதவை உதைத்தார், சுவரெல்லாம் தடவினார். கடைசியில் கைக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினார். முதல் அழுத்திலேயே கதவு திறந்துகொண்டது.

வெளியே ஸ்டோர்கீப்பர் நின்றிருந்தார். பட்டன் வேலை செய்கிறது என்று அத்தான் சொல்ல, அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தாராம்.

"எந்தப் பட்டன் சார்? அத இன்சூரன்ஸ்காரங்க நேத்தே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே. அங்க வெறும் சுவருதான் இருக்கு."

அப்படியானால் இருட்டில் எதை அழுத்தினீர்கள் என்று அத்தானிடம் நானே கேட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது என்றார். அப்புறம்... கொஞ்சம் மெத்தென்று இருந்ததாம்.

"நான் அழுத்தினதும்... அதுவும் என் விரலைத் திருப்பி அழுத்துச்சு."