ஆறு மாசமா ஓடாத ஏசி

ஹலோ... மெக்கானிக் அண்ணனா? ஆமா, ஆமா, வாத்தியார் சம்சாரம்தான் பேசறேன். கார் ஏசி வேலை செய்யல, அதான்... போனை அவர்கிட்ட குடுக்கவா? அண்ணே... அவரு போய் இன்னியோட இருபத்தி மூணு நாள் ஆச்சு...

ஆமா. அந்த வியாதிதான்... பரவால்லண்ணே, யாருக்குச் சொன்னோம், யாரை விட்டோம்னு எனக்கே தெரியாது... இல்ல இல்ல, நீங்க வண்டியைப் பத்தியே பேசுங்க. அழுது அழுது ஓஞ்சு போச்சு.

ஆறு மாசமா ஓடல. ஆஸ்பத்திரிக்குப் போக வர நான்தான் ஓட்டினேன். 'சரி பண்ணுங்க, சரி பண்ணுங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். பண்றேன் பண்றேன்னு மழுப்பிட்டே போய்ட்டாரு. உடம்பு முடியாத மனுஷனை மத்த எதுக்கும் ஒரு சொல் சொல்லல. இது ஒண்ணுக்குத்தான் கரிச்சுக் கொட்டினேன்... அதான் மனசு கேக்கல. இதைச் சரி பண்ணினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ம்... ஸ்டார்ட்லதான் இருக்கு... காத்து வருது, ஆனா சூடா... பட்டன்ல லைட் எரியுது... டக்குன்னு ஒரு சத்தமா? இருங்க... கேக்கலையே. கேஸ் தீர்ந்திருக்குமோ?... சரி சரி, நீங்களே சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

இன்ஜினை அணைச்சாச்சு. பானெட்டைத் தூக்கிட்டேன்... பேட்டரி பக்கத்துல கறுப்புப் பெட்டி, ஆமா... மூடிக்கு உள்ள படம் போட்டிருக்கு... ஏசின்னு போட்ட இடமா?... அண்ணே, அங்க ஒண்ணுமே இல்ல! மத்ததுல எல்லாம் சின்னச் சின்ன டப்பி செருகியிருக்கு, இதுல மட்டும் வெறும் ஓட்டை. இதைப் போய் யாரு திருடுவா?

எங்க?... டேஷ்போர்டு அறையிலயா?... அவரு கண்ணாடிக் கூடுதான் இருக்கு... திறக்கணுமா?... நான் இன்னும் அதைத் தொடலண்ணே... சரி...

இருக்கு. அந்த டப்பிதான், கண்ணாடி துடைக்கிற துணியில சுத்தி வெச்சிருக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்களா கழட்டிக் குடுத்தீங்க?... எதுக்கு?... குளிர் காத்து பட்டா விரலெல்லாம் ஊசி குத்துதுன்னாரா... அந்த கேன்சர் மருந்தாலயா... அட, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏசி பக்கமே போயிருக்க மாட்டேனே! ரிப்பேர்னு ஏன் பொய்...

என்ன சொன்னாரு?... இன்னொரு தடவை சொல்லுங்க...

'வியாதின்னு தெரிஞ்சதுலருந்து அவ என்னைத் திட்டறதே இல்ல, விருந்தாளி மாதிரி நடத்தறா, ஏசிக்காகவாவது நாலு திட்டு திட்டட்டும்'னா... சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?... பாவி மனுஷன்!

சிக்னல்ல நின்னாலே ஆரம்பிச்சிடுவேண்ணே. வேர்த்து ஊத்துது, கஞ்சப் பிசினாறின்னு. அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. கோவம்னுல்ல நினைச்சேன்...

ம்... கேக்குது... இந்தா மாட்டறேன். நல்லா அழுத்திட்டேன்... ஸ்டார்ட்... டக்குன்னு சத்தம் வந்துடுச்சு... வருதுண்ணே. சில்லுனு வருது...

...

அண்ணே, கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்போ வழியில கேட்டாரு... 'என்ன, இன்னிக்கு ஏசியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா'ன்னு. முடியாத மனுஷனை இன்னிக்காவது விடுவோம்னு நான்... நான் வாயே திறக்கல. ரெண்டு தடவை கேட்டாருண்ணே...

இல்ல... ஒண்ணுமில்ல... வெச்சிடறேன்.