எட்டும் மூன்றும்

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது அதைத் துடைக்கத்தான் வேண்டும். ஜேர்மனியில், இந்த எசன் நகரில், குளிர்காலத்தில் வெளியிலிருந்து உள்ளே வந்தாலே கண்ணாடி புகைந்துவிடும். ஆகவே நான் கண்ணாடி துடைப்பதில் யாரும் பெரிய அர்த்தம் தேட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தக்சாயினி, உம்முடைய அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் நீர் என் வாசலில் வந்து நின்று, "எழுதித் தாங்கோ மாஸ்டர். நடந்தபடி, எல்லாத்தையும்" என்றீர். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவும் மறுத்துவிட்டீர். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உமக்கு எட்டு வருடம் படிப்பித்தவன் என்ற வகையில் உம்முடைய வாசிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கடினமான சொற்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என்னுடைய ஜேர்மன் மொழியைப் பற்றி இங்குள்ள நம்மவர்களிடையே ஒரு பெயர் உண்டு. அதை நானாகத் தேடவில்லை. எண்பத்தாறில் இராசலிங்கம் என்பவருக்கு ஓர் அன்ட்ராக், அகதி விண்ணப்பம், நிரப்பிக் கொடுத்தேன். அது ஏற்கப்பட்டது. அந்த மாதம் விண்ணப்பித்த எல்லோருடையதும் ஏற்கப்பட்டது என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் நான் மாஸ்டர் ஆகிவிட்டேன். இருபத்தொரு வருடம் வீட்டுக்கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், நகரசபைக் கடிதம் எல்லாம் என்னிடம் வந்தன. பாதி விளங்கும். மீதியைக் கடிதத் தலைப்பைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். நேரில் போனால் இன்னும் சுலபம். 'கெனாவ்', அதாவது 'அதேதான்', என்ற ஒரேயொரு சொல்லை ஐந்து தொனியில் சொல்லத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் பெரிய இடைஞ்சல் வராது. எதிரில் இருப்பவர் தானே பேசி, தானே முடித்துக்கொள்வார்.

2007 பெப்ரவரியில் உம்முடைய அப்பா, சிற்றம்பலம் அண்ணை, என்னைத் தனியே கூப்பிட்டார். சில மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறதாம். குடல் பரிசோதனை முடிந்துவிட்டதாம், முடிவு கேட்கப் போகவேண்டுமாம்.

"பிள்ளை நல்ல ஜேர்மன் கதைக்கும், எனக்குத் தெரியாமலில்லை மாஸ்டர்," என்றார். "ஆனால் உந்தக் கண்டறியாத வருத்தத்தைப் பெம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு எப்பிடிக் கதைக்கிறது? அதுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். நீங்கள் ஒருக்கா வாங்கோ."

நான் போனேன். வைத்தியர் கால் மணித்தியாலம் பேசினார். எனக்கு விளங்கியது 'சிறியது', 'ஆரம்பத்திலேயே', 'நல்லது'. இடையில் நீளமான சொற்கள் சில வந்தன. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம் என்று நீர் நினைப்பீர். பக்கத்தில் உம்முடைய அப்பா என்னையே பார்த்தபடி, கோயிலில் இருப்பதுபோல் இருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கேட்க ஏலாது. நான் தலையை ஆட்டினேன். கெனாவ் என்றேன்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "என்னவாம் மாஸ்டர்?"

"ஒண்டுமில்லை அண்ணை. சின்னப் புண். உறைப்பைக் குறைக்கட்டாம்."

"அவ்வளவோ? கன நேரம் கதைச்சார்."

"ஜேர்மன்காரர் எதையும் விளக்கமாத்தான் சொல்லுவினம்."

அப்போது கண்ணாடியைத் துடைத்தேன். வெளியே குளிர்.

வைத்தியர் தந்த கடிதத்தை அவர் என்னிடமே கொடுத்தார். வீட்டில் இருந்தால் பிள்ளை வாசித்துவிடும் என்றார். தொலைபேசி எண் கேட்ட இடத்தில் என்னுடைய கைத்தொலைபேசி எண்ணை ஏற்கெனவே எழுதியிருந்தோம், ஜேர்மன் தெரிந்தவன் நான் என்பதால். அன்று பின்னேரம் அகராதியை வைத்துக்கொண்டு கடிதத்தை வாசித்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. குடலில் புற்று. ஆரம்ப நிலை. வெட்டி எடுத்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். சத்திரசிகிச்சைக்கு மார்ச்சில் நாள் குறித்து ஒரு டெர்மின்.

உடனே தொலைபேசியை எடுத்தேன் என்பதை நீர் நம்பவேண்டும். மறுமுனையில் எடுத்தவர் உம்முடைய அம்மா கமலநாயகி. நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "மாஸ்டர், இவர் வந்து ஒரே உங்கட புழுகம்தான். டொக்டர் வாயடைச்சுப் போனாராம் உங்கட ஜேர்மனைக் கேட்டு. நீங்கள் இல்லாட்டி எங்கட கதி என்ன?" நான் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்த ஜூனில், நான் தலைவராக இருந்த நம்முடைய தமிழ் மன்றத்தின் ஆண்டுவிழாவில் எனக்கு 'இருமொழிப் பேரொளி' என்ற பட்டம் தருவதாக ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. விழா முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். மார்ச் டெர்மினுக்கு ஆளைக் காணவில்லை என்று வைத்தியசாலையிலிருந்து கேட்டார்கள். ஊருக்கு விடுமுறையில் போய்விட்டார் என்றேன். அப்படியானால் ஜூனில் என்று புதிய நாள் தந்தார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. டெர்மின் மறுநாள் திங்கள், காலை ஒன்பது மணி. நான் பொறுப்பில்லாதவன் அல்ல. நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன்.

இனிப் போக்கர் விடயம். வழக்கமாக ஆண்டுவிழாவில் 304 என்ற சீட்டாட்டப் போட்டிதான் வைப்போம். அந்த வருடம் இளையவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுப் போக்கர் வேண்டும் என்றார்கள். தலைவர் என்ற முறையில் நான் காலமாற்றம் பற்றி இருபது நிமிடம் பேசி அதை ஆதரித்தேன். காசு வைக்கவில்லை. பந்தயத்துக்கு வில்லைகளும் பரிசுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும்தான். இன்று யோசித்தால் அந்த இளையவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. 304 இல் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாலும் கடைசியில் எட்டுச் சீட்டும் மேசையில் விழுந்தே ஆகவேண்டும். போக்கரில் அப்படி இல்லை. எதிராளி பயந்து விலகிவிட்டால் உன்னிடம் இருந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. இப்படியொரு விளையாட்டை என்னைப்போன்ற ஒருவனிடம் கொடுத்திருக்கக் கூடாது.

பின்னேரம் நான்கு மணிக்கு இருபத்துநான்கு பேரில் இருவர் மிஞ்சினோம். நானும் உம்முடைய அப்பாவும். மன்றச் செயலாளர் அலோசியஸ் சீட்டுப் பகிர்ந்தார். நீரும் மண்டபத்தில் நின்றீர், வடை பரிமாறிக்கொண்டு.

எனக்கு வந்த இரண்டு சீட்டு எட்டும் மூன்றும். அதைவிட மோசமாக வருவது கஷ்டம். ஆனால் நான் பலமான கைபோலப் பந்தயத்தை உயர்த்தினேன். அவர் அதே அளவு வில்லை வைத்து ஈடுகட்டினார். இருவருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விரிந்த மூன்றில், எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஓர் ஆஸ் இருந்தது. அதற்குச் சோடி என் கையில் இருப்பதுபோல் மறுபடி உயர்த்தினேன். அவர் ஈடுகட்டினார். நான்காவது சீட்டு விரிந்தது. உயர்த்தினேன். ஈடுகட்டினார். ஐந்தாவது விரிந்தது. என்னிடம் அப்போதும் ஒன்றுமில்லை.

பம்மாத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மிகச் சுலபம். முதலாவது உயர்த்தலுக்குப் பிறகு விட்டிருந்தால் நாலு வில்லைதான் நட்டம். மூன்றாவதுக்குப் பிறகு விட்டால், இதுவரை சொன்னதெல்லாம் பொய்யென்று நீயே எழுந்து நின்று அறிவித்த மாதிரி. ஆகவே சொன்ன கதையைத்தான் தொடர வேண்டியிருக்கும். கதையும் பொருத்தமாகத்தான் இருந்தது. என்னிடம் இருந்த வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளினேன். பிறகு, கை சும்மா இருந்ததால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உம்முடைய அப்பா சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், அண்டைக்கு டொக்டரிட்டைப் போட்டு வெளியில வந்து சொல்லேக்கையும் உப்பிடித்தான் துடைச்சனீங்கள்."

"அண்ணை, ஆளைப் பாக்காதேங்கோ, சீட்டைப் பாருங்கோ," என்றார் அலோசியஸ். "வடை ஆறுது."

"பொறடாப்பா. மாஸ்டர் மெய்க்குத் துடைக்கிறவரோ பொய்க்குத் துடைக்கிறவரோ எண்டு யோசிக்கிறன். பொய்க்கெண்டால் நான் நாளைக்கே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்ப டொக்டரிட்டை ஓட வேணும். காற்சட்டை ரெண்டு தரம் ஒடுக்கித் தைச்சாச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உறைப்பை விட்டால் மெலியத்தானே வேணும்," என்று யாரோ சொன்னார்கள். அந்த விளக்கத்தை ஏப்ரலில் சொன்னவன் நான்தான்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "சொல்லுங்கோ மாஸ்டர். இருக்கோ?"

விதிப்படி நான் பேசாமல் இருக்கலாம். அது எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திருந்தால் அவர் ஈடுகட்டியிருப்பார், எட்டும் மூன்றும் வெளியே வந்திருக்கும், திங்கள் காலை ஒன்பது மணிக்கு இன்னும் பதினேழு மணித்தியாலம் இருந்தது. இதையெல்லாம் நான் அப்போதே கணக்கிட்டேன். மேடையில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது. பெயர்ப்பலகையில் என் பட்டத்தை இரண்டு நிறத்தில் எழுதியிருந்தார்கள்.

"இருக்கு அண்ணை," என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. ஆட்டத்திலிருந்து விலகி, தன்னுடைய இரண்டு சீட்டையும் மேசையில் திருப்பிப் போட்டார். இரண்டு இராசா. 304 இல் இராசாவின் பெறுமதி வெறும் மூன்று. அந்தப் பழக்கத்தில் அவர் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை என்று அன்று மேசையைச் சுற்றி விளக்கம் சொன்னார்கள். அது காரணமல்ல என்பது எனக்குத் தெரியும்.

"மாஸ்டர் என்னட்டைப் பொய் சொல்லார்," என்றார். "ஒருக்காக் காட்டுங்கோவன், பாப்பம்."

"விதிப்படி காட்டத் தேவையில்லை அண்ணை," என்று சொல்லி என் சீட்டுகளைக் கட்டுக்குள் செருகினேன். அலோசியஸ் அதை உறுதிப்படுத்தினார்.

அதற்குப் பிறகு அவரிடம் மிச்சம் அதிகமில்லை. மூன்று ஆட்டத்தில் கிண்ணம் என்னுடையது. தோற்றவர் வென்றவருக்குப் பொன்னாடை போர்த்துவது நல்ல முன்மாதிரி என்று நானே முன்மொழிந்திருந்தேன். போர்த்தும்போது உம்முடைய அப்பா காதுக்குள் சொன்னார்: "இண்டைக்குத்தான் மாஸ்டர் நிம்மதியா நித்திரை கொள்ளப்போறன்." இப்படிச் சொல்கிற மனிதனிடம் என்னத்தைச் சொல்வது? நீரே சொல்லும்.

திங்கள் காலை எட்டரைக்கு வைத்தியசாலைக்கு அழைத்தேன். நோயாளி ஊரிலேயே சத்திரசிகிச்சை செய்து குணமாகிவிட்டார், இனி டெர்மின் தேவையில்லை என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை ஓர் இலக்கணப் பிழையும் இல்லாமல் சொன்னேன். தொலைபேசியை எடுத்த பெண் என் ஜேர்மனைப் பாராட்டினாள். அதன் பிறகு அவர்கள் அழைக்கவில்லை.

நவம்பரில் நடந்தது உமக்குத் தெரியும். குடல் அடைபட்டு அவரைக் கொண்டுபோனபோது எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. பெப்ரவரியிலேயே சொன்னோமே, உங்கள் மொழிபெயர்ப்பாளரிடம், என்று அவர்கள் உம்மிடம் சொன்னதும் நியாயமே. கடிதத்தின் மூலப்பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் தமிழ்ச் சொற்கள் என்னுடையவை. அவை சரியான மொழிபெயர்ப்புகள்.

உமக்குத் தெரியாதது ஒன்றுதான். கடைசி வாரம், நீர் டொக்டரோடு கதைக்க வெளியே போன பத்து நிமிடத்தில், அவர் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. கடிதத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"மாஸ்டர், அண்டைக்கு உங்களிட்டை என்ன கிடந்தது?"

"ஆஸ் அண்ணை," என்றேன். "ரெண்டு."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தால் கண்ணாடி புகையும். நான் வந்து அரை மணித்தியாலம் ஆகிவிட்டிருந்தது என்பது உண்மைதான். கைக்குட்டையும் கண்ணாடியும் என் கையில் இருந்தன. அவர் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் என்னை நம்பினார், தக்சாயினி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.