இருபத்தொரு ஒளிவட்டங்கள்

காலையில் எழுந்ததும் கணப்பில் கரி போடுவேன். கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவேன். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரை வர அடித்துத் தெளிய வைப்பேன். சன்னலோரப் பலகையைத் துடைத்து, கன்றுத்தோல் ஏட்டை அதில் விரிப்பேன். இவ்வளவும் முடிந்தபின் என் மனைவி பெரோனெலை எழுப்புவேன். ஜனவரி முழுவதும் அப்படித்தான். அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

பாரீஸில் எங்கள் தெரு முழுக்கப் புத்தக வேலைக்காரர்கள். நான் கல்லூரியில் லத்தீன் படித்தவன், எழுத்து என் வேலை. பொன் அவள் வேலை, அவள் அப்பாவிடம் கற்றது. என்னைப் பண்டிதரே என்றுதான் கூப்பிடுவாள்.

பொன் ஒட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெண்சுண்ணமும் பசையும் தேனும் குழைத்து, பொன் வரவேண்டிய இடத்தில் மேடாகப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு ஒரு நாணல் குழலை வாயில் வைத்து அதன்மேல் மூச்சு விட வேண்டும். தேன் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே தங்கரேக்கை, அதாவது அடித்து மெலிதாக்கிய தங்கத் தகட்டை, வைத்து அழுத்தினால் ஒட்டும். நாய்ப்பல்லால் தேய்த்தால் மின்னும்.

பூச்சைக் குழைத்தவன் நான். தேனைக் குறைத்துவிட்டேன். குடுவையில் கொஞ்சம்தான் இருந்தது, போதும் என்று நினைத்தேன். புனிதர் படங்களில் தலையைச் சுற்றி வரும் இருபத்தொரு ஒளிவட்டங்களுக்கும் பூசி முடித்தபின்தான் தெரிந்தது. ஆறு உறைந்து கிடந்த வறண்ட குளிர். எவ்வளவு ஊதியும் ரேக்கு உதிர்ந்தது. சுரண்டினால் தோல் கிழியும். பின்பக்கத்தில் என் ஆறு மாத எழுத்து. பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்குள் அந்த ஜெபப் புத்தகம் அதைச் செய்யச் சொன்ன சீமாட்டியின் கைக்குப் போயாக வேண்டும்.

“பண்டிதரே, தேன நீங்களே நக்கிட்டீங்களா?” என்று பெரோனெல் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு நான் காரணமில்லை. படுக்கப் போகுமுன் ஒரு தடவை ஊதிப் பார்த்தாள். ரேக்கு ஒட்டியது. கொதிக்கும் மூச்சு, கனத்த ஈரம்.

“பாருங்க, காய்ச்சலுக்கும் ஒரு வேல கெடச்சிருச்சு” என்றாள்.

மூன்று நாளில் எட்டு வட்டங்கள் முடிந்தன.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எதிர்வீட்டுத் தொமாஸ் அக்கா பட்டாணிக் கஞ்சியோடு வந்தார்.

“ஏண்டி, உன் புருசன் மூஞ்சியப் பாரு. நீ பொழச்சு வந்ததுக்கா இப்படித் தூக்கி வச்சிருக்கான்?”

“அவருக்கு ரேக்கு மேலதான் கண்ணுக்கா. என்னையும் அடிச்சு ரேக்காக்கிடுவாரு.”

போகும்போது அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒரு வாரம் அவளக் குனிய விடாத. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டா.”

மதியம் பெரோனெல் ஊதினாள். ரேக்கு உதிர்ந்தது. இன்னும் பதின்மூன்று.

அவள் தூங்கியதும் போர்வையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நனைத்துப் பிழிந்தேன். கண்ணாடிக்குப் பதிலாகச் சன்னலில் கட்டியிருந்த எண்ணெய்த் துணியை ஒரு ஓரம் அவிழ்த்தேன். கணப்புக் கரியை வாரி வெளியே வைத்தேன். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் போர்த்திவிடுவேன்.

மறுநாள் காய்ச்சல் திரும்பியிருந்தது.

“போர்வ ஏன் நனஞ்சிருக்கு?”

“உனக்கு வேர்த்திருக்கு.”

அவள் ஒரு முனையை முறுக்கிப் பார்த்தாள். தண்ணீர் சொட்டியது. அதன்பிறகு அவள் என்னைப் பண்டிதரே என்று கூப்பிடவில்லை.

முதுகைத் தாங்கி உட்காரவைத்து, குழலை உதட்டில் வைப்பேன். ஊதுவாள். ஊதும்போது ஏட்டைப் பார்க்கமாட்டாள், என் கையைப் பார்ப்பாள். அவள் நடுங்கியது குளிரால் என்று எடுத்துக்கொண்டேன். இடையில் ஒரு நாள் காய்ச்சல் தணிந்தது. மறுபடியும் நனைத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாளே தவிரத் தூங்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. தொமாஸ் அக்கா கதவைத் தட்டியபோது, அவள் தூங்குகிறாள் என்று உள்ளிருந்தே சொன்னேன். பெரோனெல் அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. இருந்த மூச்சு வேலைக்கு வேண்டியிருந்தது.

இருபத்தொன்றாவது வட்டம் கன்னி மரியாளுடையது. அதில்தான் பொன் மிக நன்றாக ஒட்டியது. அன்று மாலையே அவள் இறந்தாள்.

புத்தகத்தைக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பொன்மேல் மூச்சுப் பட்டதுபோல ஒரு மங்கல். துடைத்தேன். மறுபடியும் வந்தது. என் மூச்சாகத்தான் இருக்கும். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அதைத் துணியில் சுற்றினேன்.

எனக்கு வேண்டியிருந்தது காய்ச்சல் மட்டும். அவளும் தொழில்காரி, வேலை முடிய வேண்டும் என்றே அவளும் நினைத்திருப்பாள். புத்தகத்தை முடித்துவிடுங்கள் என்பதே அவளுடைய கடைசி வார்த்தை என்று அடக்கத்தின்போது பாதிரியாரிடம் சொன்னேன். தொமாஸ் அக்கா மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிணத்தைக் குளிப்பாட்டும்போது அந்தப் போர்வையைப் பிழிந்தவர் அவர்தான்.

பாதிரியாரிடம் நான் சொன்னதை நீங்களும் உங்கள் விசாரணை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கடைசியாக நான் கட்டிலை நோக்கி நடந்தபோது அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையை நீட்டிக் குழலைத் தானே கேட்டு வாங்கினாள்.

“நானே ஊதிடுறேன். நீங்க கிட்ட வராதீங்க.”