விட்டு விட்டு வந்த அழுகை

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்: “விடாமல் அழுதிருந்தா என்ரை பிள்ளை இண்டைக்கு இருந்திருப்பான், அக்கா.”

“என்ன நடந்தது?”

“காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுவான். கொஞ்ச நேரத்தாலை அழுகை நிண்டிடும், சிரிச்சு விளையாடுவான். திரும்பவும் அழுவான். வாய்வு எண்டு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்தன். மலம் சிவப்பா ஜெலி மாதிரிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினம். குடலுக்குள்ளை குடல் செருகிப்போச்சாம். ஒப்பரேசன் செய்தும் காப்பாத்தேலாமப் போச்சு.”

மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உமக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?”

“டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர். ஆனா அவன் சிரிக்கேக்கை, வயித்துவலி மாறீட்டுதெண்டு நான் சந்தோசப்பட்டனான், அக்கா.”