ஒன்பதாம் மாடியின் கடைசிக் கதவு

ஏஞ்சல்: இடது பக்கம் திரும்புறேன்.

விமல்ராஜ்: நல்லா யோசிச்சுக்கோ. இடது பக்கம் கும்மிருட்டு. வலது பக்கத்துல யாரோ கறி வறுக்கிற வாசன வருது.

கமல்: கறியா? அப்ப வலது பக்கமே போலாம்டா. சர்ச்சுலேருந்து வந்து ரெண்டு முறுக்குதான் துன்னேன்.

ஏஞ்சல்: பசி உனக்குண்ணா, ஆட்டத்துல நீ ஆடுற மலைக்கோடாலி வீரனுக்கு இல்ல. இடது பக்கம்தான், விமல்.

விமல்ராஜ்: சரி... நீளமா ஒரு நடை. பத்தடி தள்ளி தரையில ஒரு கல்லு மட்டும் கொஞ்சம்...

ஏஞ்சல்: தாண்டிக் குதிக்கிறேன்.

விமல்ராஜ்: நான் இன்னும் சொல்லியே முடிக்கல!

ஏஞ்சல்: அத மிதிச்சா கீழ குழி. இருக்குதா, இல்லியா?

விமல்ராஜ்: ...இருக்குது.

கமல்: எப்டிம்மா? அறுபது ஞாயித்துக்கெழமையா இதே மேசையில டைஸ் உருட்டி, இவன் கட்டி வெச்ச பாதாளக் கோட்டைல எட்டு மாடி எறங்கியிருக்கோம். ஒவ்வொரு மாடியிலயும் மொதல்ல குழியில உழுந்தது நீ ஆடுற அந்த சுண்டெலிதான். ஒன்பதாவது மாடியில மட்டும் ஞானக்கண்ணு தொறந்துக்கிச்சா?

ஏஞ்சல்: எல்லாம் அனுபவம்.

கமல்: அனுபவமா! போன வாரம் ராட்சசத் தவளகிட்ட போய் வழி கேட்டவதான நீ?

ஏஞ்சல்: அது பேசும்னு நெனச்சேன்.

கமல்: பேசுச்சே. நாக்க நீட்டி உன்ன முழுங்கப் பாத்துச்சி. டேய் விமலு, மேப்ப எட்டிப் பாத்துட்டாளா?

விமல்ராஜ்: மேப்பு என் மடியிலதான்பா இருக்குது. மறைப்பு வேற வெச்சிருக்கேன்.

கமல்: அப்ப நீயே சொல்லிக் குடுத்துட்டியா?

விமல்ராஜ்: நானா! நான் எதுக்கு...

கமல்: காது ஏன்டா செவக்குது?

விமல்ராஜ்: புழுக்கமா இருக்குது.

கமல்: ஃபேனு உன் தலைக்கு மேலதான் ஓடிக்கினு இருக்குது.

ஏஞ்சல்: இப்டி பேசிக்கினே இருந்தா எப்ப முடிக்கிறது? இன்னிக்கே முடிச்சாவணும். அடுத்த ஞாயித்துக்கெழம ஆட்டம் கெடையாது.

கமல்: ஆமான்டா, மறந்தே பூட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம பாப்பாவ பொண்ணு பாக்க வராங்க.

விமல்ராஜ்: தெரியும், சொன்னா...

கமல்: சொன்னாளா? எப்ப சொன்னா?

விமல்ராஜ்: இல்ல... நீ சொன்ன. இப்ப. அதத்தான் சொன்னேன்.

கமல்: ஓகோ.

ஏஞ்சல்: யாரு, எந்த ஊரு, என்னா பேரு... அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றான், விமல். போட்டோ கேட்டா நேர்ல பாத்துக்கன்றான்.

கமல்: நல்ல எடம்மா. பையன் சிகரெட்டு புடிக்க மாட்டான். வேலைல கெட்டி. கொஞ்சம் பயந்த சுபாவம், அது ஒண்ணுதான் கொற.

விமல்ராஜ்: பயந்தாங்கொள்ளியா? அவனுக்கா குடுக்கப் போற?

கமல்: நீ ஏன்டா சூடாவுற?

விமல்ராஜ்: சூடெல்லாம் இல்ல... ஆட்டத்துக்கு வா. நடை முடிஞ்சி ஒரு அறை வருது. வெளக்குக்காரன் முன்னாடி போய் சுண்டெலிக்கு வெளிச்சம் காட்டுறான்.

கமல்: எனக்கு?

விமல்ராஜ்: உனக்கும்தான்.

கமல்: எங்கடா எனக்கு? நாளைக்கு ரெண்டு செப்புக்காசு கூலி பேசி, ரெண்டாவது மாடியில அவன வேலைக்கு சேத்தது நானு. அன்னியிலேருந்து அவ காலுக்கே வெளிச்சம் காட்டிக்கினு இருக்கான். நான் இருட்டுல முட்டிக்கினு ரெண்டு தடவ செத்தேன்.

விமல்ராஜ்: அவன் கூலிக்காரன்பா. அவனுக்கு என்னா தெரியும்?

கமல்: அவனுக்காக பேசுறது நீ. அவன நடக்க வெக்கிறது நீ. அப்ப ஓரவஞ்சன யாருது?

ஏஞ்சல்: அண்ணா, சும்மாரு. அறையில என்னா இருக்குது விமல்?

விமல்ராஜ்: மூலையில ஒரு பொட்டி...

கமல்: தொறக்குறேன்!

ஏஞ்சல்: தொடாதண்ணா, அது பல்லு வெச்ச பொட்டி!

விமல்ராஜ்: அது எப்டி உனக்கு...

கமல்: தொறந்துட்டேன். இந்தா டைஸு. ...மூணு.

விமல்ராஜ்: பொட்டி உன் கைய கவ்விக்கிச்சி.

கமல்: சரி, கவ்விக்கினே வரட்டும். ஆமா பாப்பா, அந்தப் பட்டுப்புடவைய கட்டிப் பாத்தியா?

ஏஞ்சல்: இப்ப எதுக்கு அது?

கமல்: அடுத்த வாரம் கட்டிக்கத்தான நெய்ய சொன்னேன்? விமலு டிசைன் வரஞ்சான், நான் அதப் பாத்து தறிக்கு மாட்டுற அட்டைல ஓட்ட குத்தினேன், சத்யராஜ் அண்ணன் தறியில ஏத்தி நெஞ்சாரு. மூணு பேரு ஒழைச்சிருக்கோம். ஒரு வார்த்த நல்லாருக்குதுன்னு சொன்னியா?

ஏஞ்சல்: இன்னும் கட்டல. முந்திய மட்டும் விரிச்சிப் பாத்துக்கினு இருந்தேன்.

கமல்: எவ்ளோ நேரம்?

ஏஞ்சல்: ஒரு... வாரமா.

கமல்: அப்டி என்னா இருக்குது அதுல? சத்யராஜ் அண்ணனே கேட்டாரு. மயிலு எங்க, அன்னம் எங்க, இது என்னாப்பா ரேஷன் கட பிளான் மாதிரி கட்டம் கட்டமா கீதுன்னாரு.

விமல்ராஜ்: அது புது மாடல். அவருக்குப் புரியாது.

கமல்: எனக்கும்தான் புரியல. ஓட்ட குத்துறவனுக்கு ஓட்டதான் தெரியும், படமா தெரியும்? சரி, நடத்து.

விமல்ராஜ்: அறைக்கு அந்தப் பக்கம்... கடைசிக் கதவு.

கமல்: அப்பாடா. கோடாலியால ஒரே போடு.

விமல்ராஜ்: கோடாலி மழுங்கிடுச்சி. கதவுல பூட்டும் இல்ல, சாவி ஓட்டையும் இல்ல. மேல எழுதியிருக்குது. உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் இதுவரைக்கும் மறச்சி வெச்ச ஒண்ண சொல்லணும். சொன்னாதான் தொறக்கும். பொய் சொன்னா கூரை இடிஞ்சி உழும்.

கமல்: என் மலைக்கோடாலி மூணாவது மாடியில ஒரு மோதிரத்த அமுக்கிட்டான்.

விமல்ராஜ்: மலைக்கோடாலி இல்ல. ஆடுறவங்க சொல்லணும். இங்க ஒக்காந்துக்கினு இருக்குறவங்க.

கமல்: இது எந்த ஊரு ரூலு?

விமல்ராஜ்: என் ரூலு.

கமல்: அப்ப நீயும் சொல்லுவியா?

விமல்ராஜ்: வெளக்குக்காரனும் உள்ள போவணும் இல்ல? நானும்தான் சொல்லணும்.

ஏஞ்சல்: நான் மொதல்ல சொல்றேன்.

கமல்: சொல்லும்மா.

ஏஞ்சல்: எனக்கு மேப்பு தெரியும். என் புடவ முந்தியிலதான் இருக்குது. ஒன்பதாவது மாடி, முழுசா. நடையெல்லாம் ஜரிகைல ஓடுது. குழி வர்ற எடத்துல எல்லாம் செவப்பா ஒரு புட்டா. அந்தப் பொட்டிக்கு பல்லு கூட வெச்சிருக்குது.

கமல்: அட!

ஏஞ்சல்: நடு அறையில புதையல் ஒண்ணும் இல்லண்ணா. ஒரு வெளக்கு. பக்கத்துல ஒரு சுண்டெலி. அவ்ளோதான்.

கமல்: அது சுண்டெலியா? அம்மா யானைன்னு சொன்னாங்களே.

விமல்ராஜ்: யானையா! எலிடா அது! வால பாத்தா தெரியல?

கமல்: அதத்தான் தும்பிக்கைன்னாங்க.

ஏஞ்சல்: நான் இன்னும் முடிக்கல! ...அண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழம யாரு வந்தாலும் நான் வெளிய வந்து நிக்க மாட்டேன். அந்தப் புடவைய வேற ஒருத்தன் முன்னாடி என்னால கட்டிக்க முடியாது. அதான். சொல்லிட்டேன்.

விமல்ராஜ்: கமலு... அந்த வெளக்குக்காரன் இருக்கான் பாரு...

கமல்: வெளக்குக்காரன் கதைய உடு. உன் கதைய சொல்லு.

விமல்ராஜ்: எனக்கு ஏஞ்சல புடிச்சிருக்குது. ஒரு வருசமா. இந்தக் கோட்டைக்கு மொதல்ல அஞ்சு மாடிதான்டா போட்டேன். ஆட்டம் முடிஞ்சிட்டா அவளப் பாக்க முடியாதுன்னு மேல மேல நாலு மாடி தோண்டினேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உன்கிட்ட சொல்லலாம்னு வருவேன். நீ முறுக்கு தட்ட நீட்டுவே. வாய் வராது.

கமல்: முறுக்கு மேல பழிய போடாத.

விமல்ராஜ்: உன்கிட்ட பயம் ஒண்ணுன்னா எங்கம்மாகிட்ட பத்து. உங்க வூட்டுல சாப்புட்டேன்னு தெரிஞ்சாலே ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கும். இத எப்டி போய் சொல்றது?

ஏஞ்சல்: அண்ணா, எதனா பேசு. திட்டணும்னா திட்டிடு. இப்டி ஒக்காந்துக்கினு இருக்காத.

கமல்: கூரை இடிஞ்சிதா?

விமல்ராஜ்: எது?

கமல்: கோட்டைல. கூரை இடிஞ்சிதா?

விமல்ராஜ்: இல்ல.

கமல்: அப்ப ரெண்டு பேரும் சொன்னது நெசம். கதவு ஏன் இன்னும் தொறக்கல?

விமல்ராஜ்: நீ... இன்னும் சொல்லலியே.

ஏஞ்சல்: இவன்கிட்ட என்னா இருக்குது மறைக்க? பேங்க் பாஸ்வேர்டையே செவுத்துல எழுதி வெச்சிருக்கான்.

கமல்: ஆயிரத்து நூறு அட்ட பாப்பா. அந்த முந்திக்கு ஒவ்வொரு ஓட்டையும் இந்தக் கையாலதான் குத்தினேன். இவன் கோட்டைல எட்டு மாடி நடந்தவனுக்கு ஒன்பதாவது மாடி தெரியாதா? மூணாவது நாளே தெரிஞ்சிபோச்சி.

விமல்ராஜ்: டேய்...

கமல்: அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். நீ இவன விமலண்ணா, விமலண்ணான்னுதான் கூப்ட்டுக்கினு இருந்தே. நாலாவது மாடியில அந்த அண்ணா காணாம பூட்டுது. ரெண்டு பேரும் அத தேடவே இல்ல.

ஏஞ்சல்: தெரிஞ்சிக்கினேவா குத்தினே?

கமல்: எலி வாலுல ரெண்டு கட்டம் தப்பா போட்டிருந்தான். அத சரி பண்ணி வேற குத்தினேன். அப்பவும் அம்மாக்கு யானையாவே தெரியுது, நான் என்னா பண்றது?

ஏஞ்சல்: அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம யாரும் வரலியா? சும்மா சொன்னியா?

கமல்: பொய் சொன்னா கூரை இடிஞ்சிடும்மா. வராங்க.

விமல்ராஜ்: கமலு, வெளையாடாத. யாருடா வராங்க?

கமல்: மூணு தடவ நேர்ல போய் கூப்ட்டேன்டா. மொத தடவ வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ உள்ள வந்து ஒக்கார சொன்னாங்க. மூணாவது தடவ காபி குடுத்துட்டு, "ஞாயித்துக்கெழம வரோம்பா, ஆனா எம்புள்ளகிட்ட சொல்லாத, அந்த பயந்தாங்கொள்ளி அதுக்குள்ள தானா வந்து எங்கிட்ட வாயத் தொறக்குறானான்னு பாக்குறேன்"ன்னு சொன்னாங்க, உங்கம்மா.